கடிகாரமும் சாட்சியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

மாந்தோப்புகளும் மாம்பழ மண்டிகளும் சூழ்ந்த பங்காருபாளையத்தில் இருந்துகொண்டு, கடலில் மூழ்குவோர் அணியும் கைக்கடிகாரத்தைப் பற்றி நாம் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அந்தச் சிறு பொருளிலிருந்து ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

பழைய கடிகாரத்துக்குப் பெருவிலை கிடைப்பது எதனால்? 2017ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஏலத்தில், நடிகரும் கார்ப் பந்தய வீரருமான பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் கடிகாரம் ஒன்று ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அதே வகைக் கடிகாரங்கள் வேறு பலவும் உலகில் உண்டு. அவை இதன் விலையை எட்டியதில்லை. இரும்பும் சக்கரமும் ஒன்றே. வேறுபாடு, இன்னார் அணிந்தது என்னும் சாட்சியில் இருக்கிறது.

நீரோடு தொடர்புடைய கடிகாரங்களுள் புகழ்பெற்ற கதை மெர்சிடஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியைப் பற்றியது. 1927 அக்டோபர் 7ஆம் நாள் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாட்களில் வேறொரு பெண்மணி தாமும் கடந்ததாகப் பொய்யுரைத்து, பின்னர் உண்மையை ஒப்புக்கொண்டார். அதனால் கிளைட்ஸின் சாதனை மீதும் ஐயம் விழுந்தது. ஐயத்தைப் போக்க அவர் அக்டோபர் 21ஆம் நாள் மீண்டும் நீரில் இறங்கினார். அப்போது ரோலக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ப் அளித்த ‘ஆய்ஸ்டர்’ கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆய்ஸ்டர் என்றால் சிப்பி; நீர் புகாதபடி மூடியது என்பது பொருள். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபின், கடுங்குளிரால் அவரைப் படகில் ஏற்ற நேர்ந்தது. கடிகாரமோ நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே இலண்டன் ‘டெய்லி மெயில்’ இதழின் முதற் பக்கத்தில் அது விளம்பரமாயிற்று.

இன்று பலர், அக்கடிகாரம் கால்வாயைக் கடந்தது என்றும், கையில் கட்டியிருந்தது என்றும் கூறுவர். இரண்டும் பிழை. ஆயினும் உண்மைக் கதை அதனினும் பெரிதன்றோ? கரை சேராத நீச்சலில்தான் அம்மங்கையின் நெஞ்சுரம் விளங்கிற்று. எழுத்தில் பதிந்த சாட்சி இருந்தமையால் அந்த உண்மை இன்றும் பிழைத்திருக்கிறது.

மூழ்குவோருக்கென்றே அமைந்த கடிகாரங்கள் பின்னர் வந்தன. 1953ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படை வீரர்களுக்காகப் பிளாங்பான் நிறுவனம் ‘ஐம்பது பாகம்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒன்றைச் செய்தது. பாகம் என்பது நம் கடற்கரை மீனவர் ஆழம் அளக்கும் அளவே அன்றோ? ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீட்டர். முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி வைத்தால், நீரில் இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியும்; இருளிலும் முட்கள் ஒளிரும். இத்தகைய பழங்கடிகாரத்தைத் தேய்த்து மெருகேற்றி, முகப்பை மாற்றிப் புதியதாக்கினால், விலை ஏறாது, குறையும். தழும்பும் சாட்சியே.

நம்மவரிடமும் நீச்சல் வரலாறு உண்டு. 1954இல் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக் நீரிணையை நீந்தி வந்தார். 1966இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். 1971இல் குமார் ஆனந்தன் போகவும் வரவும் நீந்தி ‘ஆழிக்குமரன்’ எனப் பெயர் பெற்றார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்த முயன்று உயிர் நீத்தார். 1994இல் குற்றாலீசுவரன் பன்னிரண்டு வயதில் அக்கால்வாயைக் கடந்தார். நீந்துவோர் தம் நேரத்தைத் தாமே குறிப்பதில்லை. உடன் வரும் படகில் இருப்போரே கடிகாரம் பார்த்து எழுதுகின்றனர். முத்துக்குளித் துறையிலும் மூழ்கியவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்தவரின் கவனத்தில் இருந்தது. வீரம் ஒருவருடையது, சாட்சி மற்றவருடையது.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். தந்தையோ பாட்டனாரோ அணிந்த எச்.எம்.டி. கடிகாரம் ஏதேனும் ஒரு பெட்டியில் கிடக்கும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதைப் பழைய பொருள் வாங்குவோரிடம் நிறைக்கு விற்பதும், பளபளப்பாக்கிப் பழமையை அழிப்பதும் எளிது. ஆனால் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தவரின் முதல் ஊதியத்தில் வாங்கியதாக அது இருக்கக்கூடும். அதை அறிந்தவர் மறைந்தால் கதையும் மறையும்.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. ஒரு தாளில், யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்த ஊரில், எப்பணியில் அணிந்தார் என்பதை மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். அறிந்த பெரியவர் இருவரிடம் கையொப்பம் பெற்று, கடிகாரத்தோடு வையுங்கள். தமிழில் எழுதுங்கள்; தெலுங்கில் கற்கும் பேரப்பிள்ளைகளுக்காகத் தெலுங்கிலும் எழுதுங்கள். ஏலத்தில் அதற்குப் பெருவிலை கிடைக்காமற் போகலாம். ஆனால் நம் முன்னோர் இங்கு வந்து உழைத்து வாழ்ந்தனர் என்பதற்கு அதுவே சாட்சியாக நிற்கும்.