ரீசெட் துளையில் ஊசி குத்துவதற்கு முன்

வீட்டு ரவுட்டரின் வைஃபை பாஸ்வேர்ட் மறந்துபோனால், ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பலர் முதலில் தேடுவது, ரவுட்டரின் பின்புறத்திலுள்ள சிறு துளையில் குத்துவதற்கு ஓர் ஊசியைத்தான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். பாஸ்வேர்ட் மனிதரின் நினைவிலிருந்து நீங்கினாலும், அதனைக் கொண்டு முன்னர் இணைந்த ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் அது சேமிக்கப்பட்டே இருக்கிறது.

2019 இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 10 முதல், இணைப்பில் இருக்கும் வைஃபையின் விபரத்தைத் திறந்து பகிர்வு என்பதை அழுத்தி, தொலைபேசியின் பூட்டை உறுதிப்படுத்தினால், கியூ.ஆர் குறியீடு தோன்றும். பல தொலைபேசிகளில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். ஐபோனில் பாஸ்வேர்டை எழுத்தில் பார்க்கும் வசதி 2022 இல் வந்த ஐ.ஓ.எஸ் 16 உடன் கிடைத்தது. விண்டோஸ் கணினியில் வயர்லெஸ் இணைப்பின் பண்புகளில் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று, எழுத்துகளைக் காட்டும் கட்டத்தைத் தெரிவுசெய்தால் போதும்.

எந்தக் கருவியும் இணைப்பில் இல்லையெனில், கணினியை ரவுட்டருடன் கேபிளால் இணைத்து, ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் அச்சிடப்பட்ட முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்பதை, உலாவியில் இட வேண்டும். அங்கு கேட்கப்படுவது நிர்வாகப் பாஸ்வேர்ட், அதாவது ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான திறப்பு. அது வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு திரும்பத் திரும்பத் தட்டுவதால் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல. ஸ்டிக்கரிலுள்ள வைஃபை பாஸ்வேர்டோ தொழிற்சாலையில் இடப்பட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகன் அதனை மாற்றியிருந்தால், அவரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கேட்பதே மிகக் குறுகிய வழி.

அச்சிறு துளையில் அழுத்தி ரவுட்டரைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் ரீசெட்டின் விளைவு இணைப்பின் வகையைப் பொறுத்தது. சிம் அட்டையில் இயங்கும் 4ஜி ரவுட்டரில் சுமார் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால், ஸ்டிக்கரிலுள்ள பாஸ்வேர்ட் மீண்டும் நடைமுறைக்கு வந்து, இணைய அமைப்பும் பொதுவாகத் தானாகவே சீராகிவிடும். ஆனால் எஸ்.எல்.ரி மொபிடெலின் பைபர் இணைப்பில், கண்ணாடி இழையொன்றின் வழியே இணையம், வீட்டுத் தொலைபேசி, பியோ டிவி ஆகிய மூன்றும் வருவதால், அவற்றுக்காக நிறுவனம் அக்கருவியில் பதித்துவைத்த பயனர் பெயர் முதலிய அமைப்புகளும் பாஸ்வேர்டுடன் சேர்ந்து அழியக்கூடும். ஒரு பாஸ்வேர்டுக்காகத் தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் இழப்பது நல்ல வியாபாரமல்ல.

பாஸ்வேர்டை உடைத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நம்புவதற்கில்லை. 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பாதுகாப்பு முறையில், பாஸ்வேர்டும் வலையமைப்பின் பெயரும் 4096 தடவை கலக்கப்பட்டு ஒரு சாவி உருவாக்கப்படுகிறது. அச்சாவி தம்மிடம் இருப்பதைத் தொலைபேசியும் ரவுட்டரும் ஒன்றுக்கொன்று நிரூபிக்கின்றனவேயன்றி, பாஸ்வேர்டைக் காற்றில் அனுப்புவதில்லை. ஆகவே வெளியிலிருந்து செய்யக்கூடியது ஊகித்துப் பார்ப்பது மட்டுமே, தொலைபேசி இலக்கத்தையே பாஸ்வேர்டாக வைத்த வீட்டில் அது எளிதில் பலிக்கும் என்றாலும். அயல்வீட்டு இணைப்பில் இதனைச் செய்து பார்ப்பது, இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம் என்பதால், புதிதாக வைப்பவர்கள் தாராளமாக நீட்டி வைத்து, தாளில் எழுதி ரவுட்டரின் அடியிலேயே ஒட்டிவிடலாம். வீட்டுக்குள் நுழைந்து அதனைப் படிக்கும் திருடனுக்கு எடுத்துச்செல்ல வேறு பொருட்கள் உண்டு. பைபர் இணைப்புள்ள நேயர்கள், ரீசெட் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தாலும், முதலில் 1212 இலக்கத்தை அழைத்துக் கேட்டுவிட்டே அத்துளையைத் தொட வேண்டும்.