அளந்தறியும் கல்வி



தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் கணக்கு விதி ஒன்று, நம் நிலத்தைக் காக்கும் கருவியும் ஆகும் என்பதைச் சொல்லவே உங்கள்முன் நிற்கிறேன்.

இம்மயிலையின் தெப்பக்குளத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராக நடக்க இயலாது, நடுவே நீர். ஆயினும் இரு கரைகளின் நீளத்தையும், அவை கூடும் கோணத்தையும் அளந்தால், அத்தொலைவைக் கரையில் நின்றே கூறலாம். செங்கோணமாயின் பிதகோரஸ் தேற்றம் போதும். எக்கோணத்திற்கும் பொருந்துவது கொசைன் விதி. இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டுக. அப்பக்கங்களின் பெருக்கற்பலனை இருமடங்காக்கி, இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழித்திடுக. எஞ்சுவது மூன்றாம் பக்கத்தின் வர்க்கம்.

ஓர் ஏரிக்கரையின் வளைவில் நிற்பதாகக் கொள்வோம். ஒரு முனை 300 மீட்டர், மறுமுனை 500 மீட்டர், இடைக்கோணம் 120 பாகை. வர்க்கங்களின் கூடுதல் 3,40,000. 120 பாகையின் கொசைன் குறை அரை. ஆதலால் கழித்தல் கூட்டலாக மாறி, 1,50,000 சேர்கிறது. மொத்தம் 4,90,000, அதன் வர்க்கமூலம் 700. நேர்த்தொலைவு 700 மீட்டர். மாணவர் பலர் தவறுவது இக்குறியில்தான்.

கோணமானி இல்லையே என்று தயங்கவேண்டா. நிற்குமிடத்திலிருந்து இரு திசையிலும் 10 மீட்டர் குறித்து, அக்குறிகளின் இடைத்தொலைவை நாடாவால் அளவுங்கள். அது 10 மீட்டராயின் கோணம் 60 பாகை. 17 மீட்டர் 32 சென்டிமீட்டராயின் 120 பாகை. மூன்று பக்கம் தெரிந்தால் கோணம் தெரியும் என்பதும் இவ்விதியின் பயனே.

முக்கோணத்தால் நாட்டையே அளந்த பெரும்பணி நமக்கு அண்மையில்தான் தொடங்கிற்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலையை அடுத்து, 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை அளந்தார். அதன்மேல் முக்கோணங்களை அடுக்கி, மலையும் ஆறும் கடந்த தொலைவுகளைக் கணித்தனர். சங்கிலி சுமந்தவர்களும் கொடி பிடித்தவர்களும் இந்நாட்டு உழைப்பாளிகள். லாம்டனின் பெயரை நூல்கள் கூறுகின்றன. அவர்தம் பெயர்களைக் கூறுவதில்லை. சங்கிலி ஒரு கையிலும் கணக்கு வேறொரு கையிலும் இருந்ததன் விளைவு இது.

அந்நிலை நம்மை எவ்வாறு தாக்கியது? செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர், 1891-இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. பிறர்க்கு விற்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தும், அப்பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. வறுமை, கடன், மிரட்டல் எனக் காரணங்கள் பல. பத்திரத்தையும் வரைபடத்தையும் படிக்க இயலாமையும் அவற்றுள் ஒன்று.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊரின் புல வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரு எல்லைக் கற்களுக்கு நடுவே பிறர் வேலி அடைத்திருந்தாலும், இரண்டும் தெரியும் ஓரிடத்தில் நின்று, இரு தொலைவும் ஒரு கோணமும் அளந்து, கற்களின் இடைவெளியைக் கணக்கிடலாம். அது வரைபடத்தோடு ஒவ்வாவிடில், முறைப்படி மறு அளவைக்கு விண்ணப்பம் செய்யுங்கள். தீர்ப்பது அரசின் கடமை. ஆனால் நில அளவர் வரும் நாளில், எண்களைப் படிக்கவல்ல நம் பிள்ளை ஒருவன், ஒருத்தி, அருகே நிற்கவேண்டும்.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி. அதன் வாயிலும் உங்களுக்குத் திறந்தேயுள்ளது. சங்கிலி பிடித்த கை இனிக் கணக்கும் எழுதட்டும்!