கூச்சமும் காவலும்



கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் சென்றால் காப்பிப்பொடியின் மணமும் கறிவேப்பிலையும் நம் ஊரை நினைவூட்டும். பிழைப்புத் தேடி வந்த தமிழருக்கு இந்நகரில் கிடைக்காத பொருள் குறைவு. எனினும் உடலின் மறைவிடத்தில் நோய் கண்டால், அதை எடுத்துச் சொல்ல நம்மவர்க்கு நா எழுவதில்லை. வங்காள மருத்துவரிடம் எப்படிச் சொல்வது, அவர் என்ன நினைப்பார் என்ற தயக்கத்தில் நாட்கள் கழிகின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நோயும் உடன் சென்று, ஏதுமறியாத மனைவியைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அந்தப் பேச்சை இன்று நாமே தொடங்குவோம்.

பொருள் குதவழிப் புணர்ச்சி. ஆணும் ஆணும் கூடுவதில் மட்டுமன்றிக் கணவன் மனைவியரிடையேயும் இது நிகழ்வதுண்டு. வயது வந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையில் கூடுவது குற்றமன்று என 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடல்நலத்தைக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நம் கேள்வி.

இதற்கு விடை காண இந்நகரமே ஒரு பாடம் தருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் அப்பணியை முன்நின்று நடத்தினார். 1992இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில், அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஒரு திட்டம் தொடங்கினார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்கே பயிற்சியளித்து, தம் தோழியரிடம் ஆணுறையின் பயனை விளக்கச் செய்தார். சுரங்கத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் எப்படியோ, அப்படியே இவர்களுக்கு ஆணுறை என்று அவர் கருதினார். மும்பையில் அத்தொழிலில் இருந்தோருள் பாதிப்பேரை அக்கிருமி பற்றிய காலத்தில், சோனாகாச்சியில் அது ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்ற அளவில் நின்றது. இழித்துரைக்காமல் எடுத்துரைத்ததன் பயன் அது.

இனி உடலின் இயல்பைக் காண்போம். குதத்தின் உட்புறச் சவ்வு மிக மெல்லியது. உறவுக்கு ஏற்ற வழுவழுப்பு அங்கே இயல்பாகச் சுரப்பதில்லை. உராய்வினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அவற்றின் வழியே கிருமி எளிதில் இரத்தத்தில் கலக்கும். காவலின்றி, நோயுள்ளவரோடு கூடும்போது ஏற்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு யோனிவழியில் 10,000 முறைக்குச் சுமார் 8. குதவழியில் சுமார் 138 என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணிப்பு. மேகநோயும் வெட்டையும் இவ்வழியே தொற்றுவனவே.

காக்கும் முறை கடினமன்று. ஒவ்வொரு முறையும் புதிய ஆணுறை வேண்டும். உறையின் மேலுள்ள காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிதல் தவறு. நீர் அல்லது சிலிக்கோன் கலந்த வழுவழுப்புக் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெயும் வாசலினும் இரப்பர் உறையை நைந்து கிழியச் செய்யும்; எச்சில் போதாது. அவசரம் கூடாது. வலி உடலின் எச்சரிக்கை, வலித்தால் நிறுத்திவிடுங்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தடவினால் அந்த எச்சரிக்கை கேளாது போகும். குதவழிக்குப்பின் யோனிவழி செல்வதாயின் உறையை மாற்றுவது கட்டாயம். துணைவரின் முழுமனச் சம்மதம் இவை யாவற்றினும் முதன்மையானது.

உறை கிழிந்துவிட்டால் கலங்கவேண்டா. 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று, அரசு மருத்துவமனையை அடையுங்கள். 28 நாள் மருந்து உண்டால் எச்.ஐ.வி. பற்றாமல் பெரும்பாலும் தடுக்கலாம். குதத்தில் வெட்டைநோய் அறிகுறியின்றியே தங்குவதுண்டு. ஆதலால் எவ்வகை உறவு என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால்தான் உரிய இடத்தில் சோதிப்பார். மேகநோயைப் பென்சிலின் தீர்க்கும். மஞ்சள்காமாலை 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு.

தமிழ்நாட்டில் நாம் 'நம்பிக்கை மையம்' என்றழைக்கும் இலவசப் பரிசோதனை நிலையம் மேற்கு வங்கத்து அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். உங்கள் நிலையை உங்கள் சம்மதமின்றிப் பிறரிடம் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தாலும் வாழ்வு முடிந்துவிடவில்லை. 2004 முதல் அரசு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. அதை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட இயலாதபடி குறைந்து நிலைத்தவரிடமிருந்து உறவின் மூலம் பிறருக்கு அது தொற்றுவதில்லை.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர் நம் முன்னோர். அடுத்த முறை ஊருக்குப் புறப்படுமுன், வீட்டிற்கு வாங்கும் சந்தேஷ் பெட்டியோடு, ஒரு பரிசோதனையையும் முடித்துச் செல்லுங்கள். அது உங்களை நம்பிக் காத்திருப்பவருக்குச் செய்யும் கடமை.