எதில் நூற்றுக்கு?

(தாராவியில் நடந்த மன்றத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு விழுக்காட்டுக் கணக்கு. அரசியல் பேசும் மேடையில் பள்ளிக்கூடப் பாடமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். வட்டிக்காரரின் அட்டையிலும், போனசு கேட்டு நிற்கும் தொழிற்சாலை வாயிலிலும், வீட்டை அளக்க வரும் அதிகாரியின் ஏட்டிலும் இருப்பது இந்தக் கணக்குத்தான். அதை யாரோ போட்டுச் சொல்ல, நாம் தலையாட்டி வந்திருக்கிறோம். இதைவிட அரசியல் வேறெது?

ஏடுகளில் விழுக்காடு என்கிறோம். பள்ளியில் சதவீதம் என்றார்கள். இந்த ஊர்க் கடைத்தெருவில் மராத்தியரோடு சேர்ந்து நாமும் 'டக்கா' என்கிறோம். பெயர் எதுவானாலும் பொருள், நூற்றுக்கு இவ்வளவு என்பதே. எந்த நூற்றுக்கு? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை. டக்கா சொல்பவர் எண்ணை உரக்கச் சொல்வார். எதன்மேல் என்பதை மெல்ல விழுங்கிவிடுவார்.

வட்டியில் தொடங்குவோம். நம் முன்னோர் நெல்லைச் சீமையிலிருந்து வண்டி ஏறியபோதே 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்ற பேச்சும் கூடவே ஏறிவிட்டது. இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். அதாவது ஆண்டுக்கு 24. ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60. வங்கியில் 12 விழுக்காடு என்று கேட்டதும் "அம்மாடி, பன்னிரண்டா!" என்று மிரண்டு, ஐந்து வட்டிக்காரரிடம் போகிறவர்கள் நம் தெருக்களில் இன்றும் உண்டு. ஒன்று ஆண்டுக் கணக்கு, மற்றொன்று மாதக் கணக்கு. பன்னிரண்டைவிட ஐந்து சிறியது என்று கண் சொல்லிவிடுகிறது. காலண்டரை யாரும் பார்ப்பதில்லை.

தண்டல் கணக்கு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. விடியுமுன் இட்லி அவித்து விற்கப் புறப்படும் ஓர் அக்காவை எண்ணிக்கொள்வோம். அரிசி, உளுந்து, எரிவாயு, சட்னி எல்லாம் சேர்ந்து 600 ரூபாய் செலவு, 800 ரூபாய்க்கு விற்கிறார், மிச்சம் 200. போட்ட முதலைப் பார்த்தால் 33 விழுக்காடு இலாபம். விற்ற தொகையைப் பார்த்தால் 25. இரண்டும் அதே 200 ரூபாய்தான். தண்டல்காரர் வருகிறார். "பத்தாயிரம் எழுதிக்கொள், ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருகிறேன், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டு. பத்து டக்காதானே அக்கா, உனக்கோ முப்பத்துமூன்று கிடைக்கிறதே!" என்கிறார். அக்காவும் ஒத்துக்கொள்கிறார்.

பத்து டக்காவா அது? முதலில், அவர் கைக்கு வந்தது பத்தாயிரம் அன்று, ஒன்பதாயிரம். அந்த ஒன்பதாயிரமும் நூறு நாள் முழுதும் அவரிடம் இருப்பதில்லை. மறுநாளே திரும்பத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாம் நாளில் ஐயாயிரம் கட்டி முடித்திருப்பார். சராசரியாகப் பார்த்தால் நூறு நாளும் அவரிடம் இருந்த பிறர் பணம் ஏறத்தாழ 4,500 ரூபாய். அதற்கு வட்டி ஆயிரம். நூறு நாளுக்கு 22 விழுக்காடு. ஆண்டுக்கு மாற்றினால் 80 விழுக்காட்டை ஒட்டி வரும்! தண்டல்காரர் சொன்னது பொய் என்று ஒருவரும் நிரூபிக்க முடியாது. பத்தாயிரத்தில் ஆயிரம் பத்து விழுக்காடுதான். அந்தப் பத்தாயிரம் என்றைக்குமே அக்காவின் கையில் இருந்ததில்லை என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. இங்கே 2014-ஆம் ஆண்டின் மகாராட்டிரச் சட்டம், உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்யக்கூடாது என்கிறது. ஆனால், தண்டல் அட்டையில் வட்டி என்ற சொல்லே இராது. தேதியும் நூறு கட்டங்களுமே இருக்கும். கணக்கு எழுதப்படாத இடத்தில் சட்டம் எதைப் படிக்கும்?

சீட்டுப் பிடிப்போரும் நம்மில் பலர். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்துபவரின் கழிவு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது. 2019-இல் அதை 7 ஆக்கினார்கள். "இரண்டு டக்காதானே கூடியிருக்கிறது" என்றார்கள். ஐந்து ரூபாய் வாங்கியவர் ஏழு ரூபாய் வாங்கினால் அவர் வரும்படி 40 விழுக்காடு கூடியிருக்கிறது! நம் கூலியை 5-லிருந்து 7-ஆகக் கேட்டால் மட்டும் முதலாளி இந்தக் கணக்கைத் தவறாமல் போடுவார். "நாற்பது விழுக்காடு உயர்வு கேட்கிறார்கள்" என்று பத்திரிகைக்கும் சொல்லுவார்.

துணிக்கடைத் தள்ளுபடியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாதி விலை, அதற்கும் மேல் 20 என்றால் 70 அன்று. நூறு ரூபாய்ச் சேலை ஐம்பதாகி, ஐம்பதில் பத்துக் குறைந்து நாற்பது ரூபாய். ஆக 60. சேலை நன்றாயிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனசு அப்படி விட்டுவிடக்கூடியதன்று. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், பிற்காலத் திருத்தத்துக்குப் பின், குறைந்த அளவு 8.33 விழுக்காடு என்றது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த எண்ணையே வைத்திருக்கிறது. என்ன எண் இது, புள்ளி வைத்து? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதச் சம்பளம்! தொழிலாளி கேட்டது பதின்மூன்றாம் மாதச் சம்பளம். சட்டம் அதை விழுக்காடாக்கித் தந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், எதில் 8.33? 2015-இல் செய்த திருத்தம், கணக்குக்கு எடுக்கும் மாத ஊதியத்துக்கு இருந்த உச்சவரம்பை இப்படி மாற்றியது: 7,000 ரூபாய், அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது. அடிப்படையும் படியும் சேர்ந்து அதற்கு மேல் வாங்குபவருக்கு, கைக்கு வரும் 'ஒரு மாதம்' அவருடைய மாதம் ஆகாது. விழுக்காட்டில் கை வைக்காமலே தொகையைக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இந்த ஊரில் விழுக்காடு நம்மீது அம்பாகப் பாய்ந்த காலமும் உண்டு. 1966 சூன் 19-இல் சிவசேனை தோன்றியது. அதற்கு முன்பே 'மார்மிக்' வார ஏடு, அலுவலகங்களில் உயர்பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. வேலையில் 80 விழுக்காடு மராத்தியருக்கே என்ற முழக்கம் எழுந்தது. வேலையற்ற மராத்தி இளைஞனின் வயிற்றெரிச்சல் பொய்யன்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பட்டியல் எடுக்கப்பட்ட இடம் அலுவலக நாற்காலி. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று மாதுங்காவில் குடியேறியவர்கள் அதில் இருந்தார்கள். தாராவியில் தோல் பதனிட்ட நம் பாட்டன்மார் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த வேலையில் நூற்றுக்கு எத்தனை பேர் தமிழர் என்று எந்த ஏடும் கேட்கவில்லை. பங்கு கேட்டும் எவரும் வரவில்லை. பிற்காலத்தில் மாநிலத் தொழிற்கொள்கையிலும் அந்த 80 இடம்பெற்றது. 'உள்ளூரார்' என்றால் 15 ஆண்டு இங்கே வாழ்ந்தவர் என்று அங்கே விளக்கம் சொன்னார்கள். அப்படியானால் செம்பூரிலும் தாராவியிலும் மூன்று தலைமுறையாக இருக்கும் நாம் எண்பதில் சேர்த்தியா, இருபதில் சேர்த்தியா?

இனி நம் கூரைக்கு வருவோம். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2022 நவம்பரில் அதானி நிறுவனத்துக்கு ஏலத்தில் கிடைத்தது. திட்டத்தை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் அவர்களுக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20. அந்த நூறு என்பது நிறுவனத்தின் பங்கு. தாராவி மண்ணுமன்று, நம் வீடுகளுமன்று. "அரசுக்கு இருபது இருக்கிறது, அது மக்களுக்குத்தானே" என்று தேநீர்க் கடையில் ஆறுதல் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2024 சனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. 2000 சனவரி 1-க்கு முன் இருந்த தரைத்தள வீட்டுக்காரருக்கு, தகுதி பெற்றால், 350 சதுர அடி. மற்ற குடிசை மாற்றுத் திட்டங்களைவிட 17 விழுக்காடு கூடுதல் என்றார்கள். கணக்கு சரிதான். மற்ற இடங்களில் 300, கூடுவது 50, முந்நூற்றில் ஐம்பது, நூற்றுக்கு 17-ஐ ஒட்டி வருகிறது. ஆனால், இந்த நூறு யாருடைய நூறு? வேறொரு சேரியில் கட்டிய கட்டடத்தின் 300 அடி. நம் வீட்டின் அடியை வைத்துப் போட வேண்டிய கணக்கு வேறு. 120 சதுர அடியில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்துக்கு 350 என்றால் ஏறத்தாழ 192 விழுக்காடு கூடுதல். அந்தக் குடும்பம் மகிழ்வதை நாம் குறை சொல்ல மாட்டோம். கீழே 200 அடியில் குடியிருந்து, மேலே 200 அடியில் தையல் எந்திரம் போட்டிருப்பவருக்கு அது பன்னிரண்டரை விழுக்காடு குறைவு. மேல்மாடியில் தனியே குடியிருப்பவரையும், 2000-க்குப் பின் வந்தவரையும் தாராவிக்கு வெளியே அனுப்புவதே திட்டம். அவரிடம் 17-ஐச் சொல்லிப் பயனில்லை.

இனி 'தகுதி பெற்றோர் இத்தனை விழுக்காடு' என்று அறிவிப்புகள் வரும்போதெல்லாம் ஒன்றைக் கேட்க வேண்டும். ஒரு சந்தில் 100 வீடு என்று வைத்துக்கொள்வோம். 80 வீட்டார் தாள்களைக் கொடுத்தார்கள். 60 பேர் தகுதி பெற்றார்கள். எண்பதில் அறுபது, 75 விழுக்காடு என்று அச்சிடலாம். நூற்றில் அறுபது, 60 விழுக்காடு என்றும் அச்சிடலாம். கதவு பூட்டியிருந்தவர், வேலைக்குப் போனவர், ஊருக்குப் போனவர், பயந்து கொடுக்காதவர் ஆகிய இருபது வீடும் முதல் கணக்கில் பிறக்கவே இல்லை! மற்றச் சேரித் திட்டங்களில் குடியிருப்போரின் ஒப்புதல் வேண்டும். முன்பு நூற்றுக்கு 70, பின்பு 51. தாராவியில் அந்த ஒப்புதல் தேவையில்லை என்று வைத்துவிட்டார்கள். கையெழுத்தால் எண்ணப்படாத நாம், கணக்கெடுப்பிலாவது விடுபடாமல் இருக்க வேண்டுமல்லவா?

ஆகவே வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மன்றத்தில் கூடுவோம். அளவெடுப்புச் சீட்டு, மின்கட்டண இரசீது, 2000-க்கு முந்திய வாக்காளர் பட்டியல் நகல், இருப்பதையெல்லாம் கொண்டுவாருங்கள். தண்டல் அட்டை வைத்திருக்கும் தாய்மார்கள் கூச்சப்படாமல் அதையும் எடுத்துவரலாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். பென்சிலும் தாளும் மன்றம் தரும். ஒவ்வொரு சந்துக்கும் மொத்த வீடு எத்தனை என்பதை முதலில் நாமே எண்ணி எழுதி வைப்போம்.