மார்கரெட் அம்மாளின் அடுப்பு

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஏழைச் சிறுவர்களுக்கு உணவும் கல்வியும் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். புனித தொன் போஸ்கோவை வைத்துத்தான் பேசப்போகிறேன். "அவரைத் தெரியாதவர் இங்கே யார்?" என்று நீங்கள் நினைப்பது நியாயமே. ஆகவே அவரைப் பெற்ற தாயாரைப் பற்றி அதிகமாகவும், அவரைப் பற்றிக் கொஞ்சமாகவும் சொல்ல உத்தேசம்.

மார்கரெட் அம்மாள் 1788-இல் இத்தாலியின் வடபகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1817-இல் கணவர் காலமானபோது அவருக்கு வயது 29. மாமியார், மூத்த தாரத்து மகன், தாம் பெற்ற இரண்டு ஆண் பிள்ளைகள் என்று ஐந்து வயிறுகள். கடைக்குட்டி ஜானுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஆண்டிலேயே பஞ்சமும் வந்தது. தானியம் வாங்கிவர அனுப்பிய அண்டை வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அம்மாள் பிள்ளைகளோடு முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு எழுந்து தொழுவத்துக்குப் போய், நின்றிருந்த கன்றுக்குட்டியை அறுத்துச் சமைத்தார். உழவர் வீட்டில் கன்றை அறுப்பது என்றால் என்ன என்பது நம்மில் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். செபம் செய்த கையாலேயே கத்தியையும் எடுத்தவர் அவர். அவருடைய பக்தி அந்த வகை.

அந்த ஜான் 1841-இல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகருக்குப் போனார். கொத்து வேலைக்கும் சூளை வேலைக்கும் கிராமங்களிலிருந்து வந்து, கேட்பாரற்றுத் திரிந்த பையன்கள் அங்கே ஏராளம். சிறைச்சாலைக்குப் போய்ப் பார்த்தால் அங்கும் பையன்கள். விடுதலையானவன் சில நாளில் மறுபடி உள்ளே வந்துவிடுவான். வெளியே அவனுக்கென்று ஒருவரும் இல்லாததே காரணம் என்று தொன் போஸ்கோ கண்டுகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைக் கூட்டிச் செபமும் விளையாட்டும் நடத்தினார். இடத்துக்கு இடம் விரட்டப்பட்டு, 1846-ஆம் ஆண்டு பாஸ்கு ஞாயிறன்று வால்தோக்கோ என்னும் புறநகரில் ஒரு தாழ்ந்த கொட்டகையில் வந்து அமர்ந்தார். அந்தக் கோடையில் கடும் நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். உடல் தேற ஊருக்கு வந்தவர், தாயைத் தம்மோடு வரும்படி கேட்டார்.

அம்மாளுக்கு அப்போது 58 வயது. பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்க வேண்டிய காலம். நவம்பர் 3-ஆம் நாள், ஒரு கூடையில் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மகனோடு நடந்தே தூரின் வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் வீட்டில் ஒன்றுமில்லை. கலியாணத்துக்கு வைத்திருந்த துணிகளில் சிலவற்றைப் பூசை உடுப்பாகத் தைத்தார்; கழுத்துச் சங்கிலியும் விலைக்குப் போயிற்று.

முதலில் தங்க இடம் கொடுத்த வாலிபர்கள் விடியுமுன் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நம்மவராக இருந்தால், "உதவி செய்தால் இப்படித்தான்" என்று அன்றோடு கதவைச் சாத்தியிருப்போம். 1847 மே மாதத்தில் ஒரு மழை இரவு, நனைந்து நடுங்கிக்கொண்டு ஓர் அநாதைப் பையன் கதவைத் தட்டினான். வேலை தேடி வந்தவன். கையிலிருந்த 3 லீரா காசும் தீர்ந்துபோயிற்று. அம்மாள் அவனை அடுப்பருகே உட்காரவைத்துச் சூடாக உணவு கொடுத்தார். "போர்வை போனதுபோல இவனும் போனால்?" என்ற கேள்வியும் எழாமல் இல்லை. இருந்தும், செங்கல்லை அடுக்கிப் பலகை போட்டு அடுப்பறையிலேயே படுக்கை தயாராயிற்று. அவன் தூங்குமுன் உழைப்பையும் நேர்மையையும் செபத்தையும் பற்றி அம்மாள் நாலு வார்த்தை சொன்னார். சலேசியர் இல்லங்களில் இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லும் சிறு உரைக்கு அதுவே தொடக்கம் என்பார்கள்.

பையன்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, கொப்பரையும் பெரிதாயிற்று. சோளமாவைக் கிண்டி நம் ஊர்க் களிபோல ஒன்று செய்வார்கள். அதைக் கிண்டும் கை இந்த அம்மாளுடையது. பையன்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து வாங்கி, படிக்கட்டிலும் கல்லின்மேலும் உட்கார்ந்து சாப்பிட்டு, தாங்களே கழுவிவைப்பார்கள். சாப்பாடான பிறகு எழுத்தும் கணக்கும். பகலெல்லாம் வேலை பார்க்கிற பையன்களுக்காக இரவுப் பள்ளி நடந்தது. பியெத்மோந்து நாட்டில் 1850 முதல் மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வரவிருந்தன. அதற்கு முன்பே அவற்றை எளிமையாக விளக்கித் தொன் போஸ்கோ ஒரு சிறு நூல் எழுதினார். குருவானவருக்கு எடைக்கல் கணக்கு எதற்கு? அளவு தெரியாதவன் கடையிலும் கூலியிலும் ஏமாறுவான், அதற்காகத்தான். 1957-இல் இங்கே நயாபைசா வந்தபோது நம் பாட்டிமார் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு அனுப்பிய பையன்களையும் அவர் சும்மா விடவில்லை. 1852-இல் ஒரு தச்சுப் பையனுக்காக முத்திரைத் தாளில் முதலாளியோடு ஒப்பந்தம் எழுதினார். பையனை அடிக்கக் கூடாது, வாயால் சொல்லித் திருத்த வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் கூடாது. ஞாயிறு ஓய்வு நாள். அக்காலத்தில் எடுபிடிப் பையனுக்கு இப்படிப் பத்திரம் எழுதுவார் அரிது. 1853-இல் வீட்டிலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை வைத்தார். பின்னர் புத்தகக் கட்டு, தச்சு, அச்சகம்.

இதெல்லாம் புகழ்ச்சியாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாள்தோறும் அதைச் சுமந்தவருக்கு எப்படி இருந்தது? அம்மாள் ஒரு மூலையில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். பையன்கள் பட்டாள விளையாட்டு விளையாடி அதைத் துவம்சம் செய்துவிட்டார்கள். உலர்த்திய துணி மண்ணில் கிடக்கும். தைத்துக் கொடுத்த சட்டை மறுநாளே கிழிந்து வரும். ஒரு நாள் மகனிடம் போய், "என்னால் முடியாது, ஊருக்குப் போகவிடு" என்னும் பொருள்படச் சொல்லிவிட்டார். மகன் பதில் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். அம்மாள் கண்ணீரோடு அதைப் பார்த்துவிட்டு, அடுப்பறைக்குத் திரும்பினார். அவர் அழுதார் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைக்காமல் எழுதியது எனக்கு ஆறுதல். நம் வீட்டுப் பெண்கள் அலுத்துக்கொள்ளும்போது அதை விசுவாசக் குறைவு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

1856 நவம்பர் 25-இல் அவர் இறந்தார். தனிக் கல்லறை இல்லை; பொதுக் குழியில் அடக்கம். மகன் 1934-இல் புனிதரானார். தாயை 2006-இல்தான் திருச்சபை 'வணக்கத்திற்குரியவர்' என்று அறிவித்தது. அடுப்பறை வரைக்கும் நம் கண் போக அத்தனை காலம் பிடிக்கிறது.

அந்த அடுப்பின் சூடு நம் நாட்டுக்கும் வந்தது. 1906-இல் சலேசியர்கள் முதன்முதலாக இந்தியாவில் கால் வைத்தது நம் தஞ்சாவூரில். அங்கே அநாதைப் பிள்ளைகளைப் பேணும் பணியை ஏற்றார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களில் நான் ஒரு போர்டிங்கில் தங்கிப் படித்தவன். அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் சோளமாவில் உப்புமா கிண்டிப்போடும் சமையல்காரப் பாட்டி ஒருவர் இருந்தார். காய்ச்சல் வந்தவனுக்குத் தனியாகக் கஞ்சி வடிப்பார். எங்கள் வகுப்பு முழுத் தேர்ச்சி பெற்ற அன்று வாத்தியார்களுக்கெல்லாம் மாலை போட்டோம். பாட்டியை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. 'பாட்டி' என்றே கூப்பிட்டு வளர்ந்துவிட்டோம்.

இப்போது நம் பங்கின் காரியம். மாலை வகுப்பு தொடங்கியபோது வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். பள்ளியில் மதிய உணவு உண்டு, 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது, நாம் வேறு எதற்குச் சமைக்க வேண்டும் என்று பேரவையில் கேட்டார்கள். முதலில் கேட்டவன் நான்தான். பிறகு, நின்றுபோன ஒரு சிறுமியின் வீட்டுக்குப் போனேன். தாய் வேலையிலிருந்து வர இரவு எட்டு மணி ஆகிறது. மதியம் பள்ளியில் சாப்பிட்ட தம்பி ஆறு மணிக்கே பசி என்று அழுகிறான். "நான் போய் உலை வைக்கணும், மாமா" என்றாள். அவளுக்கு வயது பத்து.

ஆகவே வரும் திங்கள் முதல் வகுப்புக்கு முன் பிள்ளைகளுக்குச் சுண்டலோ கஞ்சியோ கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. தம்பி தங்கைகளையும் கூட்டிவரலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் அடுப்பும் பாத்திரமும் தருகிறார்கள். கிழமைக்கு இரண்டு பேர் சமைக்க வேண்டும். ஆண்களும் வரலாம், கிண்டத் தெரிந்தால் போதும். கோயில் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமைக்கு என் பெயரையும் என் மனைவியின் பெயரையும் எழுதிவிட்டேன். மற்ற நாட்கள் காலியாக இருக்கின்றன.