சுவரோவியமும் வாசற்கோலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஊரிலிருந்து வரும் உறவினருக்கு நாம் மும்பையில் எவற்றைக் காட்டுகிறோம்? கேட்வேயைக் காட்டுகிறோம், மரீன் டிரைவில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கிறோம், மறுநாள் வண்டியேற்றி அனுப்பிவிடுகிறோம். நாம் வாழும் நகரின் தெருக்களை நாமே நடந்து கண்டதில்லை என்னும் குறை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே, சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க அன்பர்கள் அறுவர் விடியுமுன் தாணே நிலையத்தில் கூடினோம். 1853 ஏப்ரல் 16ஆம் நாள், இந்தியாவின் முதற் பயணியர் இரயில் போரி பந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற ஊரல்லவா நமது ஊர்! அதே தடத்தில் எதிர்த்திசையாகப் புறப்பட்டோம். அறுவருக்கும் உட்கார இடம் கிடைத்தது என்றால் இவ்வவையோர் நம்பமாட்டீர்கள். ஆயினும் அது உண்மை.

முதலில் இறங்கியது மாதுங்காவில். 2017ஆம் ஆண்டில், புறநகர் நிலையம் ஒன்றன் பணிகள் முழுவதையும் பெண்களே ஏற்று நடத்தத் தொடங்கியது நாட்டிலேயே முதன்முதலாக இந்நிலையத்தில்தான். வெளியே வந்தால் பூக்கடைகள். பொழுது புலரும் முன்பே மல்லிகையும் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் குவிந்து கிடக்கின்றன. ஒருவர் திருமண மாலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நாரை விரல்களுக்கிடையே சுழற்றிய அவர் ஒருமுறையேனும் பூவைக் குனிந்து பார்க்கவில்லை. அப்பால் காய்கறிச் சந்தை. வாழைப்பூவின் செம்மையும், சின்ன வெங்காயத்தின் இளஞ்சிவப்பும், கட்டுக்கட்டாக வாழையிலையின் பச்சையும் கண்டு எங்களுள் ஒரு முதியவர் வாய்பேசாது நின்றுவிட்டார். இராம் ஆசிரயாவில் காப்பி அருந்திய பின்னரே அவருக்குப் பேச்சு வந்தது. 1939 முதல் நடக்கும் கடை அது.

அங்கிருந்து சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தோம். தாராவி என்றதும் ‘அங்கே பார்ப்பதற்கு என்ன உண்டு?’ என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழில் வேரூன்றியபோது, நெல்லைச் சீமையிலிருந்து சென்று அக்கடுந்தொழிலைச் செய்தவர்கள் நம் மக்கள். சௌராட்டிரத்துக் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் வாசல்தோறும் சட்டியும் அகலும் வெயிலில் காய்கின்றன. மாகிம் நிலையத்தை ஒட்டிய பகுதியில், ‘ஸ்டார்ட் இந்தியா’ என்னும் அமைப்பினர் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்திருக்கிறார்கள். அவற்றைக் காண்பதுதான் எங்கள் திட்டம். ஆனால் எங்கள் கால்களை நிறுத்தியவை சுவர்கள் அல்ல.

தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்து. மூன்றடி அகலம் இருக்கும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும். அந்தச் சந்தில் வீட்டுக்கொரு கோலம்! புள்ளி வைத்துக் கம்பியிழுத்து, நடுவே பூசணிப்பூ ஒன்றும் வைத்திருந்தார்கள். பால்காரரும் தண்ணீர்க்குடம் சுமந்த பெண்களும் கோலத்தை மிதியாமல் தாண்டித் தாண்டிச் சென்றார்கள். ஒரு மூதாட்டி அப்போதுதான் கோலத்தை முடித்து நிமிர்ந்தார்.

“பாட்டி, அரிசி மாவா?” என்று கேட்டோம்.

“பொங்கலுக்கு மட்டும் அரிசி மாவு எய்யா. மத்த நாளைக்குக் கடையில விக்குற கல்மாவுதான். அரிசி விக்குற விலைக்கு எறும்புக்கு எங்கே போடுறது?” என்று சிரித்தார்.

பொங்கல் நாளில் அப்பகுதித் தமிழ்ப் பெண்கள் தெருவிலே வரிசை வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் காட்சியைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசியபோது அம்மூதாட்டியின் முகம் மாறியது. “புதுசா மாடி கட்டித் தரப்போறாங்களாம். நல்லதுதான்; மழைக்கு ஒழுகாது. ஆனா கதவுக்கு முன்னால நமக்குன்னு இத்தனை இடம் இருக்குமா எய்யா?” என்று, இரு கைகளையும் அகலமாக விரித்துக் காட்டினார்.

இதற்கு எங்களிடம் விடையில்லை. ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியைத் திருத்தியமைக்கும் பணிக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. அறிவித்த விதிகளின்படி, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னர் தரைத்தளத்தில் குடியிருந்தோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு கட்டணமின்றிக் கிடைக்கும். பின்னர் வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். தனிக் கழிவறையும் ஒழுகாத கூரையும் வேண்டாமென்று அவர்களுக்காக நாம் சொல்ல உரிமையில்லை. ஆனால் அந்த 350 சதுர அடிக் கணக்கில் வாசல் என்று ஓர் இனம் இல்லை.

செம்பூருக்குச் சென்று சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளையும் ஏற எண்ணியிருந்தோம். பொழுது போதவில்லை. செம்பூர் அன்பர்கள் பொறுத்தருள்க. காட்கோபரில் இறங்கி, 2014 முதல் ஓடும் மெட்ரோவில் ஏறி, அசல்பா குன்றைக் கண்டோம். 2017இல் ‘சல் ரங் தே’ என்னும் முயற்சியில் தன்னார்வலர்கள் அக்குன்றின் குடிசைச் சுவர்களுக்குப் பல வண்ணம் பூசினர். வண்டியிலிருந்து பார்க்கும்போது கண்ணைப் பறிக்கிறது. இறங்கி ஏறிச் சென்றால், மழை அரித்த இடங்களில் வண்ணம் உரிந்திருக்கிறது. ஓர் அம்மையார், “படம் எடுக்க நிறையப் பேர் வந்தார்கள்” என்றார் இந்தியில். குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. பூசியவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. எனினும் தூரத்தே செல்வோர் காணப் பிறர் தீட்டிய வண்ணமும், கதவைத் திறந்தவுடன் தான் காணத் தானே இடும் கோலமும் ஒன்றாகா என்பதே எங்கள் துணிபு.

நம் மாவட்டத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. 2014இல் தாணேயிலிருந்து பால்கர் மாவட்டம் பிரியும்வரை நம்மோடிருந்த வார்லிப் பழங்குடியினர், திருமணத்தின்போது மண்சுவரில் அரிசி மாவுக் குழம்பால் ஓவியம் எழுதுவர். எழுதுவோர் சுமங்கலிப் பெண்கள். நம் மாக்கோலத்தின் உடன்பிறப்பு என்றே தோன்றும்! ஜீவ்யா சோமா மாஷே என்னும் ஆடவர் 1970களில் அதைச் சடங்கிலிருந்து பிரித்து, தாளிலும் துணியிலும் எழுதி உலகறியச் செய்தார், 2011இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018இல் மறைந்தார். கலை வாழ்ந்தது, வார்லி மக்கள் சிலருக்குப் பிழைப்பும் ஆயிற்று. ஆனால் அந்தப் பெண்களின் கையிலிருந்து அது எவ்வளவு தொலைவு வந்துவிட்டது!

மாலையில் வீடு திரும்பி, மின்தூக்கியிலிருந்து வெளிவந்தோம். எங்கள் கதவின் முன் ஒரு கோலம். பிளாஸ்டிக்கில் அச்சிட்டு ஒட்டியது. மூன்று ஆண்டுகளாக அழியாதது. தாராவிக்காக இரங்கிக்கொண்டு வந்த எங்களுக்கு வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டு மராட்டிய அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, “எங்களிடமும் புள்ளி ராங்கோளி உண்டே! என் பாட்டி போடுவார், எனக்கு மறந்துவிட்டது” என்றார்.

எங்கள் குடியிருப்பின் செயலாளரிடம் சென்று கேட்டோம். முதலில் தயங்கினார், கார்கள் நிற்க வேண்டுமே என்றார். இறுதியில், வருகிற பொங்கலன்று நுழைவாயிலை ஒட்டி நான்கு கார்கள் நிற்கும் இடத்தை விடியற்காலை முதல் ஒன்பது மணிவரை ஒழித்துத் தர இசைந்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மையாரும் கலந்துகொள்கிறார். புள்ளி வைக்கத் தெரிந்த தாய்மார்கள் ஐந்து மணிக்கு வந்துவிடவேண்டும். அரிசி மாவை நாங்கள் கொண்டுவருகிறோம்.