பட்டியலில் பெயர் இல்லையா? கொஞ்சம் பொறுங்க!

(கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதித் தொழிலாளர்களுக்கும் குடியிருப்போருக்கும் இணையச் சேவைகள் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஷிப்ட் முடிஞ்ச கையோட வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போனிலேயே பட்டா பார்க்கலாம், வாக்காளர் பட்டியலில் பெயர் தேடலாம், பி.எப். கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்கலாம். எல்லாம் சரி. ஆனால் பெயரைப் போட்டுத் தேடும்போது திரையில் ஒரு வரி வருமே, "பதிவு எதுவும் இல்லை" என்று. அதைப் பார்த்ததும் பலர், நம்ம பேரை நீக்கிட்டாங்க என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் திரும்பவும் புதிதாக விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, அதற்கு ஒரு விசாரணை.

அந்த வரிக்கு உண்மையான அர்த்தம் என்ன தெரியுமா? "நீங்கள் எழுதிய எழுத்துகளும் என்னிடம் இருக்கும் எழுத்துகளும் அச்சு அசலாக ஒத்துப்போகவில்லை" என்பதுதான். நீங்கள் இல்லை என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும்

நாம் 'அ' என்று எழுதுவதை கணினி 2949 என்ற எண்ணாக வைத்துக்கொள்கிறது. 'க' என்றால் 2965. உலக மொழிகளுக்கெல்லாம் இப்படி எண் கொடுத்திருக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழில் ஒருங்குறி என்கிறோம். வரிசைப்படுத்து என்றால் பல மென்பொருள்கள் இந்த எண்ணைத்தான் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகின்றன. ஒப்பிட்டுப் பார் என்றாலும் எண்ணுக்கு எண் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன.

இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஒருங்குறியின் எண் வரிசை அப்படி இல்லை. அதில் ந-வுக்கு அடுத்தே ன வந்துவிடும். ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ. ச-வுக்கு அடுத்து ஜ. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்ட ஒரு பழைய அட்டவணையை ஒட்டி இந்த இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒலி நெருக்கமான எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

புள்ளி வைத்த எழுத்திலும் இதே கதைதான். நம் அகராதியில் 'க்' முதலில், 'க' அடுத்து. எண் வரிசையில் க, கா, கி என்று போய் 'கௌ' முடிந்த பிறகுதான் 'க்' வரும்.

ஏழு பெயர்களை எடுத்துக்குவோம். அகராதி முறைப்படி அடுக்கினால்: கண்ணன், கணேசன், கதிர், கமலா, கலா, கவிதா, கனகா.

அதே ஏழு பேரை வெறும் எண் வரிசையில் அடுக்கினால்: கணேசன், கண்ணன், கதிர், கனகா, கமலா, கலா, கவிதா.

கனகா கடைசியில் இருந்து நடுவுக்கு வந்துவிட்டார். ஏழு பேர் என்றால் கண்ணிலேயே பட்டுவிடும். ஏழாயிரம் பேர் உள்ள பயனாளிகள் பட்டியலாக இருந்தால்? 'கவி' வரைக்கும் பார்த்துவிட்டு, அடுத்து 'கன' இல்லையே என்று கனகா திரும்பிப் போய்விடுவார். பட்டியலில் அவர் இருந்தார். அவர் தேடிய இடத்தில்தான் இல்லை.

அதனால் முதல் பாடம் இது: அச்சிட்ட அல்லது பிடிஎப் பட்டியலில் பெயர் கண்ணில் படவில்லை என்றால், இடம் மாறி இருக்கலாம் என்று முன்னும் பின்னும் பாருங்கள். ஜெயந்தி, ஹேமா, ஸ்டீபன் போன்ற பெயர்களைக் கடைசியிலும் தேடுங்கள், ச-வுக்குப் பக்கத்திலும் தேடுங்கள்.

பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு

வரிசை தப்பினால் தேடியாவது எடுத்துவிடலாம். ஒப்பீடு தப்பினால் அதைவிடத் தொல்லை.

பக்கத்து ஊர் பொன்னேரியையே பாருங்க. 'பொ' என்ற எழுத்தை கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ப'-வுடன் 'ஒ'கரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பு தனியாக, கால் தனியாக என்று இரண்டு குறிகளைச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'பொ'. உள்ளே எண்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஒப்பிட ஒருங்குறியிலேயே விதி இருக்கிறது. அதை மென்பொருள் எழுதியவர் பயன்படுத்தவில்லை என்றால், ஒரு பொன்னேரிக்கு இன்னொரு பொன்னேரியைத் தெரியாது.

கௌரி, சௌந்தர்யா என்ற பெயர்களில் இன்னொரு வகை. 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'க', கொம்பு, 'ள' என்ற எழுத்து என்று தட்டிவிடுகிறார்கள். பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஆனால் இது எழுத்துப்பிழை. மேலே சொன்ன விதியாலும் சரியாகாது. 'ஸ்ரீ' என்பதற்கும் உள்ளே இரண்டு விதமான எழுத்துக்கோவை உண்டு. பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருந்தால்கூட சில மென்பொருள்கள் வேறு பெயர் என்றே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் நம்ம ஊர் பெயர். தமிழிலேயே கும்மிடிப்பூண்டி என்றும் எழுதுகிறோம், கும்முடிப்பூண்டி என்றும் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ரயில் நிலையத்துக்கு ஒரு விதம், தாலுகாவுக்கு ஒரு விதம்; ஒன்றில் 'பூ'வுக்கு 'யு', இன்னொன்றில் இரட்டை 'ஓ'. மாவட்டத்தின் பெயரும் அப்படித்தான். மாவட்ட இணையதளத்தில் 'டி'-க்கு அடுத்து 'எச்' கிடையாது. நாடாளுமன்றத் தொகுதியின் பெயரில் 'எச்' உண்டு. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணையிட்டது. அந்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுத எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே வழியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லீங்க.

இதனால்தான் அரசுத் தரவுகளில் ஊருக்கு எண் கொடுக்கிறார்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

ஒரே கேட், ஆறு எழுத்து

கும்மிடிப்பூண்டியில் இந்தப் பிரச்சினை மற்ற ஊரைவிடக் கூடுதல். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே உண்டு. சிப்காட்டில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். ஒரு கம்பெனி கேட்டில் பெயர்களை அவரவர் எழுத்திலேயே எழுதிவைத்து எண் வரிசையில் அடுக்கினால் முதலில் ஆங்கிலம், அடுத்து இந்தி, வங்காளம், ஒடியா, தமிழ், தெலுங்கு என்றுதான் வரும். எந்த மொழிக்கும் முதல் மரியாதை என்று இல்லை. ஒருங்குறியில் இடம் ஒதுக்கிய வரிசை அது. சுரேஷ் என்ற ஒரே ஆளை மூன்று மொழியில் எழுதினால் கணினிக்கு அவர் மூன்று ஆள்.

ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். அதுவும் தீராது. வள்ளி, வல்லி இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும். ழ-வுக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். இந்தியிலும் ஒடியாவிலும் க-வுக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றுதான். கோபால் என்று தமிழில் எழுதியதை ஆங்கிலத்துக்குத் திருப்பும் மென்பொருளுக்கு முதல் எழுத்து 'ஜி'-யா 'கே'-யா என்று தெரியாது. அப்புறம் இனிஷியல். முன்னால் போட்டால் ஒரு பெயர், பின்னால் போட்டால் ஒரு பெயர், விரித்து அப்பா பெயராக எழுதினால் இன்னொரு பெயர்.

ஆதாரில் ஒரு விதம், பி.எப். கணக்கில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம் என்று இருந்தால் என்ன ஆகும்? வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது பணம் எடுக்க விண்ணப்பிப்பீர்கள். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். பல வருஷம் சம்பளத்தில் பிடித்த பணம், ஒரு புள்ளிக்காகவும் ஒரு 'எச்'-சுக்காகவும் காத்திருக்கும்.

நமக்கு மட்டுமா இந்தத் தொல்லை?

இல்லை. புள்ளி வைத்த 'ஏ' எழுத்தை ஜெர்மன்காரர்கள் 'ஏ'-வோடு சேர்த்து அடுக்குவார்கள்; சுவீடன்காரர்கள் 'இசட்'-டுக்கும் பின்னால் வைப்பார்கள். ஸ்பானிய மொழியில் 'சி எச்' என்ற ஜோடியைத் தனி எழுத்தாகவே வைத்து அகராதி அடுக்கினார்கள். 1994-ல் தான் அந்த முறையை விட்டார்கள். அதனால் உலகம் முழுக்கப் பொதுவான ஒரே வரிசை சாத்தியம் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனி விதி வேண்டும். அந்த விதிகளை யூனிகோடு அமைப்பு மொழிவாரியாகத் தொகுத்து இலவசமாகவே வெளியிடுகிறது. தமிழுக்கும் அதில் விதி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கான முயற்சி பழசு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-ல் மாநில அரசு ஒருங்குறியையும், அதோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. டேஸ்16-ல் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண், அதுவும் நம் வரிசையிலேயே. ஆனால் நம் போனிலும் இணையத்திலும் ஓடுவது ஒருங்குறிதான். ஆகவே அதற்கு மேல் தமிழ் விதியைப் பொருத்துவதுதான் நடைமுறை வழி.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒன்று, பெயரைவிட எண்ணை நம்புங்கள். வாக்காளர் பட்டியலில் தேட அடையாள அட்டையில் உள்ள 3 எழுத்தும் 7 இலக்கமும் சேர்ந்த எண் போதும். பி.எப்.-க்கு 12 இலக்க யூஏஎன். பட்டாவுக்கு சர்வே எண், உட்பிரிவு எண். இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தாலும் தாள் இருக்கும்.

இரண்டு, ஒரு பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஆதாரில் உள்ள பெயர்தான். மற்றவற்றை அதற்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் அவசரப்பட்டு அங்கே கை வைக்காதீர்கள். எது தப்பு, எங்கே தப்பு என்று முதலில் பாருங்கள்.

மூன்று, பி.எப். பெயரை வேலையில் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு இணைத்து வாங்கிய யூஏஎன் என்றால், பெயர்த் திருத்தத்தை நீங்களே இணையத்தில் செய்ய 2025 ஜனவரியில் வசதி வந்தது. அதற்கு முந்தைய எண் என்றால் நிறுவனம் வழியாக ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டியிருக்கும். கம்பெனி மாறிய பிறகு பழைய இடத்தில் கையெழுத்துக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

நான்கு, இ-சேவை மையத்தில் உங்கள் பெயரைப் பதியும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் தட்டியதும் தமிழ் தானாக வந்துவிடலாம். திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண, இந்த எழுத்துகளையும் இனிஷியலையும் படித்துப் பார்த்த பிறகு "சரி" சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் ஆகும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பெயர்.

ஐந்து, கூட வேலை செய்யும் வெளிமாநிலத் தம்பிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் பெயரை நாம் கேட்டபடி எழுதாமல், அவர்கள் ஆதாரில் உள்ளபடி பார்த்து எழுதுங்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும்

கடைசியாக ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் 'சார்ட்' போட்டால் எண் வரிசைதான் வரும். தமிழ் விதியைக் குறிப்பிட்டு ஒப்பிடும் வசதி அதிலேயே இருக்கிறது. பெரிய தரவுத்தளங்களிலும் இருக்கிறது. பெயரைச் சேமிக்கும் முன்பு எழுத்துக்கோவையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், தேவையில்லாத இடைவெளியை நீக்குங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு இணையத்தில் போடுங்கள். "பதிவு எதுவும் இல்லை" என்று மட்டும் காட்டாமல், "இதே போன்ற பெயர்கள்" என்று நாலைந்தைக் காட்டுங்கள். அடையாள எண்ணை வைத்துத் தேடவும் வழி சொல்லுங்கள். இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பி.எப். விவரம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்க. ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால், பணம் தேவைப்படாத இந்த நேரத்திலேயே சரிசெய்துடுங்க.

கேள்விகள் இருந்தால் கேளுங்க.